நாற்பத்தொன்றாம் எண் துவரை

சவரக் கண்ணாடியைக் கொல்லைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டு, முகத்தில் பாதி நுரையோடு காசிநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றிச்செல்வி நோட்டை அரிசி டின் மூடிமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலமே எழுத வேண்டியது. கரண்ட் இல்லாமல் விட்டுப்போயிருந்தது.

“நாப்பத்தொண்ணாம் எண் வரிசை. இன்னும் மொட்டுக் கட்டல. மூணு செடியில புழு.”

“மூணுன்னா எந்த மூணு?”

“நாலு, ஒம்பது, பதினாறு. அடுப்புல என்னமோ தீயுது.”

“ஒண்ணும் தீயல. நீங்க சொல்லுங்க.”

“தீயுது செல்வி.”

தோசை தீய்ந்துதான் போயிருந்தது. கரிந்த பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டுத் தட்டில் வைத்தாள். அவரும் திருப்பிப் பார்க்காமல் தின்றார். வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னாள். எட்டரைக்குக் கிளம்பினார். எட்டே முக்காலுக்கு அரியலூர் ரோட்டு வளைவில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி அவரையும் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நின்றது.

பெரம்பலூருக்கு வெளியே இருந்த பயறு ஆராய்ச்சிப் பண்ணையில் இருபத்திரண்டு வருசம் களப் பணியாளராக இருந்தவர் காசிநாதன். எந்தச் செடி எப்போது பூத்தது, எதில் புழு, எதற்குத் தண்ணீர் விட்டது என்று அன்றாடம் குறித்து வைக்க வேண்டும். அவர் எழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. அதனால் கல்யாணமான நாலாம் வருசத்திலிருந்து அவர் சொல்ல, அவள் எழுதினாள். பத்தாவது வரை படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பண்ணையில் அது காசிநாதன் எழுத்து என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நாற்பத்தொன்றாம் எண் துவரை அவர் கண்டுபிடித்தது. மழை பொய்த்த ஒரு வருசம், வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் சுற்றிலும் எல்லாம் சருகாகிக் கிடக்க, ஒரு சோளக்கொல்லை வரப்பில் அது மட்டும் பச்சையாக நின்றதாம். நெற்று கொண்டுவந்து கொடுத்தார். பண்ணையின் விஞ்ஞானி ராஜராஜன் அதற்கு நாற்பத்தொன்று என்று எண் கொடுத்தார். அதில் ஒரே ஒரு செடியிலிருந்து காசிநாதன் பறித்துக் கொடுத்த இலையை அனுப்பி, அதன் மரபணு முழுவதையும் படிக்கச் செய்தார்.

“படிக்கிறதுன்னா?” என்று அவள் கேட்டிருந்தாள்.

“செடிக்குள்ளாற எழுதியிருக்கிறத முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சிர்றது. எம்பது கோடிக்கு மேல எழுத்தாம்.”

“யாரு படிக்கிறா?”

“மெஷினு.”

“நல்லவேளை. அதையும் என் தலையில கட்டாம விட்டீங்களே.”

அந்த ஆராய்ச்சியால் ராஜராஜனுக்குப் பேர் வந்தது. பத்திரிகையில் படம் வந்தது. வேறு மாநிலங்களிலிருந்து விதை கேட்டு வாங்கிப் போனார்கள்.

காரியம்கூட முடியவில்லை; பத்தாம் நாளே ராஜராஜன் காரில் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். காபி வேண்டாம் என்றார்.

“காசிநாதன் எழுதுன நோட்டெல்லாம் இங்க இருக்காமே. அது ஆபீஸ் சொத்தும்மா.”

நாலு நோட்டையும் எடுத்துக் கொடுத்தாள். யாரிடம் எதைக் கொடுக்கிறோம், எழுதி வாங்க வேண்டுமா என்று யோசிக்கிற நிலையில் அவள் அப்போது இல்லை.

“விதை ஏதும் வீட்டுல வச்சிருந்தாரா?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

இதற்கு அவள் பதில் சொன்ன விதத்தை நினைத்தால் பின்னாளில் நாக்கை இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு. ஏனென்றால் அவள் பெருமையாகச் சொன்னாள். போன பங்குனியில் பண்ணையின் குளிர்சாதன அறை ரிப்பேராகி, பைகளில் வண்டு விழுந்துவிட்டது. நாற்பத்தொன்று, பதினேழு என்று இரண்டு எண் விதையையும் காப்பாற்ற வேண்டுமே என்று காசிநாதன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். செம்மண்ணைக் கரைத்துத் துவரையில் பிசறி, ஒரு ராத்திரி குவித்து வைத்து, வெயிலில் காயப்போட்டு அவள்தான் மண் கட்டிக் கொடுத்தாள். மண் கட்டிய துவரையை வண்டு தொடாது. இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் செய்கிற வேலை.

“ரெண்டையும் நான்தான் சார் கட்டினேன். ஒரு வண்டு இல்ல, பாத்தீங்கல்ல?”

“எதுல வச்சுக் கட்டினீங்க?”

கொல்லையில் கவிழ்த்திருந்த அலுமினியத் தவலையைக் காட்டினாள். அவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து ரத்தினம்மாள் வந்தாள். பண்ணையில் களையெடுக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைமை. துக்கம் கேட்க வந்தவள் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்தாள்.

“ஏண்டி செல்வி, பண்ணையே உன் பேச்சாத்தான் கெடக்கு. நீ மண்ணு கட்டுறேன்னு ரெண்டு விதையையும் கலந்து வுட்டுட்டியாமே?”

“யாரு சொன்னா?”

“சாருதான். வெளியூருக்குப் போன வெதையை வெதச்சுப் பாத்தா நாப்பது செடிக்குப் பதினோரு செடி வேற செடியாம். இங்கயும் இலையைப் பறிச்சுப் படிச்சுப் பாத்தாங்களாம். அதே கதைதானாம். எல்லாம் காசிநாதன் பண்ணுன வேலைன்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. செத்த மனுசன் வந்து இல்லன்னா சொல்லப் போறாரு?”

ரத்தினம்மாள் போன பிறகு வெற்றிச்செல்வி கொல்லைக்குப் போய்த் தவலையை நிமிர்த்திப் பார்த்தாள். முதலில் நாற்பத்தொன்று, காய்ந்து பையில் போட்ட பிறகுதான் பதினேழு. அது நன்றாக நினைவிருந்தது. நடுவில் தவலையைக் கழுவினாளா? அதுதான் நினைவில்லை. செம்மண் பூசிய பிறகு விதையெல்லாம் ஒரே நிறம். அடியில் ஒரு கை விதை ஒட்டிக்கொண்டிருந்தால்கூடத் தெரிந்திருக்காது. கழுவியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். கழுவினேன் என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் பதிவுத் தபால் வந்தது. நாற்பத்தொன்றாம் எண் விதை களப் பணியாளர் காசிநாதனின் கவனக்குறைவால் அவர் வீட்டில் கலக்கப்பட்டது என்று முடிவு செய்யப்பட்டிருக்கிறது. விசாரணைக்கு நேரில் வந்து அன்னாரின் மனைவி வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும். கவனக்குறைவு என்ற சொல்லை அவள் பலமுறை படித்தாள். செத்துக் கிடக்கும்போதுகூடச் சட்டைப்பையில் செடி எண் எழுதிய அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த மனுசன் அவர். தான் செய்தது என்றால் தன் பேரை எழுதட்டும், ஏற்றுக்கொள்ளலாம். அவர் பேரோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரி போவதுதான்.

அந்த இலைப் பரிசோதனையைச் செய்தது சண்முகப்பிரியா என்ற பெண். ராஜராஜனுக்குக் கீழே ஆராய்ச்சி மாணவி. சாயங்காலம் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ்ஸுக்கு நிற்பாள் என்று தெரியும். வெற்றிச்செல்வி போய் முன்னால் நின்றாள். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது.

“அக்கா, என்னால எதுவும் சொல்ல முடியாது. சார்தான் என் கைடு. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குப் பட்டம்.”

“உன்ன எதுவும் சொல்லச் சொல்லல. அவரு செத்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதியே, அது நெசமா?”

“நெசந்தான்.”

“அப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. நான் தவலையில கலந்திருந்தா, அந்தப் பதினோரு செடியும் எப்படி இருக்கும்?”

சண்முகப்பிரியா தோள்பையின் வாரைத் திருகினாள். “முழுசா பதினேழாம் எண் செடியாவே இருக்கும். விதை மாறினா செடியே மாறினதுதானே. அதுல நாப்பத்தொண்ணோட அம்சம் ஒண்ணும் இருக்காது.”

“வேற எப்படியும் இருக்கலாமா?”

“தேனீ வந்து இந்தப் பூவுலேருந்து அந்தப் பூவுக்கு மகரந்தத்தக் கொண்டு போயிருந்தா, பாதி இது பாதி அது. அம்மா ஒண்ணு அப்பா ஒண்ணு மாதிரி. படிச்சுப் பாத்தா பளிச்சுன்னு தெரிஞ்சிரும்.”

“நீ படிச்சப்ப எப்படி இருந்துச்சு?”

பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண் ஏறினாள். படியில் நின்று திரும்பி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: “விசாரணை அன்னைக்கு மேசை மேல ரிப்போர்ட் இருக்கும். ஏழாம் பக்கம். கேள்விய நீங்களே கேளுங்கக்கா.”

வெற்றிச்செல்விக்கு அவள்மேல் ஆத்திரமாகத்தான் வந்தது. தெரிந்ததைப் படிக்கட்டில் நின்று சொல்கிற பெண். ஆனால் ஊர் போய்ச் சேருவதற்குள் வேறொன்று நெஞ்சில் முட்டியது. துவரம்பூவில் தேனீ உட்காரும் என்றுதான் நாற்பத்தொன்றாம் எண் செடிகளை ஒவ்வொன்றாக வலைத்துணிப் பையால் மூடியிருந்தார்கள். அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்தவள் அவள். வலைக்குள் தேனீ எப்படிப் போகும்? அப்போதுதான், நோட்டில் தான் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கின. போன வருசம், கார்த்திகை. விருந்தினர் வருகை. வலை கழற்றினோம்.

மறுநாளே ரத்தினம்மாளிடம் போனாள்.

“போன கார்த்திகையில வலையைக் கழட்டுனாங்கல்ல?”

“கழட்டாம? பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வந்தாங்களே. பூவோட நின்னு போட்டோ எடுக்கணும், வலை மறைக்குதுன்னு சாரு கத்துனாரு. உம் புருசன் மொனகிக்கிட்டேதான் அவுத்தாரு. பக்கத்து வரிசையில பதினேழும் பூத்துக் கெடந்துச்சு. நானும் ஆசையா போட்டோவுக்கு நின்னேன். என்னய வெட்டிட்டு என் முந்தானைய மட்டும் வச்சிருக்கானுங்க.”

“இத விசாரணையில வந்து சொல்லுவியா?”

ரத்தினம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். “நீ போயிட்டு வூட்டுல வந்து படுத்துக்குவ. நான் திங்கக்கெழமை அதே ஆளுகிட்டத்தான் களைக்கொத்தோட நிக்கணும். போடி, வேலையப் பாரு.”

“எம் புருசன் உனக்கு ஒரு நாளாவது கெட்டது செஞ்சிருக்காரா?”

“நல்லதுதான் செஞ்சாரு. அதான் போயிட்டாரு. நான் இருக்கேன்.”

விசாரணை பண்ணை அலுவலகத்தில், ராஜராஜனின் அறையிலேயே நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். மூலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சண்முகப்பிரியா தலையைக் குனிந்தபடி இருந்தாள். தட்டச்சு செய்த வாக்குமூலத்தை ராஜராஜன் நகர்த்தி வைத்தார். வெற்றிச்செல்வி கையில் எடுத்து நிதானமாகப் படித்தாள்.

“படிக்கச் சிரமமா இருந்தா வாசிச்சுக் காட்டச் சொல்றேன்மா.”

“பதினெட்டு வருசமா உங்க பண்ணை நோட்ட எழுதுனவ நான் சார். எனக்குப் படிக்க வரும்.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ராஜராஜன் சிரித்தார். “பாத்தீங்களா மேடம். ஆபீஸ் நோட்டை வீட்டுல பொம்பளையை விட்டு எழுத வச்சிருக்கார். விதையை வீட்டுல பொம்பளையை விட்டுக் கலக்க வச்சிருக்கார். இதுதான் இவங்க ஒழுங்கு.”

“ஒரு கேள்வி இருக்கு.”

“கையெழுத்தைப் போட்டுட்டுக் கேளுங்க.”

“கேட்டுட்டுப் போடுறேன். அந்தப் பதினோரு செடி முழுசா பதினேழா? இல்ல, பாதி நாப்பத்தொண்ணு பாதி பதினேழா?”

ராஜராஜனின் பார்வை மூலைக்குப் போனது. “இது டெக்னிக்கல் விஷயம். யாரோ சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காங்க.”

“எம் புருசன் சொல்லிக்குடுத்தாரு,” என்றாள் வெற்றிச்செல்வி. பொய்தான். மூலையில் அந்தப் பெண் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. “ஏழாம் பக்கம் பாருங்கம்மா.”

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினார். அவரும் இந்தப் படிப்புப் படித்தவர்தான் போலிருக்கிறது.

“பதினொண்ணும் ஹெட்டரோசைகஸ்னு இருக்கே, ராஜராஜன்?”

“மேடம், அது வந்து, அதுக்கு வேற காரணமும்…”

“அப்படின்னா பாதியா முழுசாம்மா?” என்றாள் வெற்றிச்செல்வி.

“பாதி,” என்றார் அதிகாரி. “எல்லாமே பாதி.”

அந்த ஒரு சொல்லில், இத்தனை நாள் சுமந்த தவலையை இறக்கி வைத்தது போலிருந்தது. கழுவினாளோ இல்லையோ, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அழுகை வந்தது. இந்த ஆள் முன்னால் அழுவதில்லை என்று விழுங்கினாள்.

“தவலையில கலந்தா பாதி வராது. பூவுல கலந்தாத்தான் வரும். பூ வலைக்குள்ள இருந்துச்சுன்னு சார் சொல்லுவாரு. அந்தா பாருங்க.”

ராஜராஜனின் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட போட்டோ இருந்தது. கோட்டுப் போட்ட நாலு பேர், நடுவில் ராஜராஜன், இடுப்புக்கு மேல் வளர்ந்த துவரைச் செடிகள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகின்றன. முன்னால் தரையில் குத்திய தகரத்தில் 41. ஓரத்தில் ஒரு பச்சை முந்தானை. கீழே தேதி. வலை எங்கேயும் இல்லை.

அதிகாரி எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். ராஜராஜன் திரும்பவே இல்லை. திரும்பாமலே பேசினார். குரலில் இருந்த மரியாதையெல்லாம் போயிருந்தது.

“சரி. வலையைக் கழட்டினது யாரு? காசிநாதன். பத்து நிமிஷம் போட்டோ எடுத்துட்டு உடனே மாட்டச் சொன்னேன். மாட்டாம விட்டது யாரு? அவர்தான். அப்பவும் அவர் கவனக்குறைவுதானே?”

ஒரு பாவத்திலிருந்து அவரை இழுத்து வெளியில் போட்டால், நின்ற இடத்திலேயே இன்னொன்றை எடுத்துத் தலையில் வைக்கிற மனுசன். இப்படி ஒருவரோடு இருபத்திரண்டு வருசம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசாத காசிநாதன்மேல்தான் அவளுக்கு முதலில் கோபம் வந்தது.

“நோட்டு எங்க சார்?”

“என்ன நோட்டு?”

“பத்தாம் நாளு எங்க வூட்டு வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போனீங்களே. நாலு நோட்டு.”

“துக்கத்துல இருக்காங்க மேடம். நான் விசாரிக்கத்தான் போனேன். எந்த நோட்டும் வாங்கல.”

அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். வெற்றிச்செல்வி சண்முகப்பிரியாவைப் பார்த்தாள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வெள்ளைத்தாள் குடுங்கம்மா,” என்றாள் அதிகாரியிடம்.

அந்த மேசையிலேயே எழுதினாள். பதினெட்டு வருசம் எழுதிய கை. தேதியை எழுதினால் வரி தானாக வந்தது.

கார்த்திகை 9. விருந்தினர் வருகை. நாற்பத்தொன்றாம் எண் வலை கழற்றினோம். சார் சொன்னது.
கார்த்திகை 10. வலை இல்லை.
கார்த்திகை 11. வலை மாட்டட்டுமா என்று கேட்டேன். அடுத்த வாரம் வேறு ஆட்கள் வருகிறார்கள், இருக்கட்டும் என்றார் சார். தேனீ நிறைய.
கார்த்திகை 12. தேனீ. மறுபடி கேட்டேன். திட்டு.

“திட்டுன்னு எழுதவான்னு கேட்டேன். எழுதுன்னாரு,” என்று சொல்லிக்கொண்டே பதினைந்தாம் தேதி வரை எழுதி, கீழே தன் பேரையும் போட்டுக் கொடுத்தாள்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். “இது இன்னைக்கு எழுதினதும்மா. அன்னைக்கு எழுதினதா எடுத்துக்க முடியாது.”

“அன்னைக்கு எழுதுனது சாருகிட்ட இருக்கு.”

“அதுக்கு ஆதாரம் வேணும்.” அதிகாரியின் குரல் தணிந்திருந்தது. ஆனாலும் அது அதிகாரியின் குரல்தான். “இதைக் கோப்புல சேக்குறேன். அவ்வளவுதான் என்னால முடியும்.”

வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை. மடித்து, மேசையில் ராஜராஜன் முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

“உங்க பென்ஷன் பேப்பர் இன்னும் இங்கதான்மா இருக்கு,” என்றார் அவர், வாசல்வரை வந்து.

“இருக்கட்டும். பத்திரமா வச்சிருங்க. நோட்டு மாதிரி காணாம போயிரப் போகுது.”

தை மாதக் கடைசியில் முடிவு வந்தது. விதைக் கலப்பு வயலில், பூக்கும் காலத்தில் நேர்ந்தது, வீட்டில் நேர்ந்ததல்ல. வலை அகற்றப்பட்டதற்கான பொறுப்பை நிர்ணயிக்க இயலவில்லை. காசிநாதன் பேர் எங்கும் இல்லை. ராஜராஜன் பேரும் எங்கும் இல்லை. அவள் அந்தத் தாளை மூன்று தடவை தேடிப் பார்த்தாள். கவனக்குறைவு என்ற சொல் இல்லை. அதைத்தான் கேட்டாள், அது கிடைத்தது. மனம் ஆறவில்லை.

ராஜராஜன் அதே அறையில் இருக்கிறார். போட்டோவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்களாம். “என் முந்தானையும் போச்சு,” என்று வழியில் பார்த்தபோது ரத்தினம்மாள் சொன்னாள். வெற்றிச்செல்வி நிற்காமல் நடந்தாள். சண்முகப்பிரியா பட்டம் வாங்கிவிட்டாளா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

நாற்பத்தொன்றாம் எண் விதையென்று பண்ணையில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். முதல் செடியின் இலையிலிருந்து படித்த அந்த எண்பது கோடிச் சொச்சம் எழுத்து மட்டும் இணையத்தில் இருக்கிறது. கலப்பு நேர்வதற்கு முந்தின வருசம் படித்தது; அதில் தப்பில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு, பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் சொல்லி அதன் முதல் பக்கத்தை அச்செடுத்து வாங்கினாள். முழுக்க ஆங்கிலம். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். ராஜராஜன் பேரும் இன்னும் ஆறு பேர் பேரும் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, இலை பறித்த நேரம் என்று ஒரு கட்டம். காலை 6.40 என்று இருந்தது. அவர் சொல்ல, அவள் நோட்டில் எழுதிய நேரம்.